புழுவும் புங்கமரமும்: இயற்கையின் மாற்றங்களிலிருந்து விசுவாசப் பாடங்களைக் கற்கும் முறை

"அத்திமரத்தினால் ஒரு உவமையைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று இயேசு தம் சீஷர்களிடம் சொல்லும் இடத்தில் (மத்தேயு 24:32), உவமைக்கு முன்பாகவே மரம் இருக்கிறது. இளங்கிளை தோன்றித் துளிர்விடுவதை அவர்கள் ஆண்டுதோறும் கண்டிருந்தார்கள். அந்தக் காட்சி மெய்யாக இருந்ததனால்தான் அதன்மேல் ஏற்றிய பொருளும் நின்றது. மலைப்பிரசங்கத்தில் காட்டுப்புஷ்பங்களைப் பற்றிப் பேசும்போதும், அவை அழகாக இருக்கின்றன என்பதோடு நிறுத்தாமல், அவை எப்படி வளருகின்றன என்று கவனித்துப் பார்க்கும்படி சொல்கிறார். குடும்ப ஜெபம் நடத்துகிறவர்களும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும், பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர்களும் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறோம் என்பது என் எண்ணம். பாடத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருந்தும்படி ஒரு பூச்சியையோ பறவையையோ தேடிப் போகிறோம். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பி வைப்பதற்காக எழுதப்பட்டது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கழுகினால். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பலரும் சொல்லும் கதையை நானும் சொன்னேன்: நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப்போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து, புதிய பறவையாகத் திரும்பி மேலும் முப்பது ஆண்டுகள் வாழும். கேட்டுக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, "அலகு இல்லாம அஞ்சு மாசம் என்னத்தச் சாப்பிடும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் அந்தக் கதை உண்மையன்று. அலகும் நகங்களும் இல்லாத கழுகு இரை பிடிக்க முடியாமல் பட்டினியால் மடியும். உண்மையில் நடப்பது இறகு உதிர்தல். கழுகு தன் இறகுகளை ஒரேயடியாக இழப்பதில்லை. பறக்கும் திறன் குறையாதபடி, சில இறகுகள் உதிர்ந்து அவற்றின் இடத்தில் புதியவை முளைத்த பிறகே வேறு சில உதிர்கின்றன. பெரிய கழுகுகளில் எல்லா இறகுகளும் மாறி முடிய ஓராண்டுக்கும் மேலாகும். கழுகுக்குச் சமானமாய் வயது திரும்ப வாலவயதாகும் என்று சங்கீதம் 103:5 சொல்வதற்கு இந்த மெய்யான காட்சி அந்தக் கட்டுக்கதையைவிட எவ்வளவோ நன்றாகப் பொருந்துகிறது: பறந்துகொண்டிருக்கும்போதே, வேலையை நிறுத்தாமலே, ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படுதல். ஆகவே முதல் விதி, கேள்விப்பட்ட உதாரணத்தைச் சொல்லுமுன் அதைச் சோதித்துப் பாருங்கள் என்பதே.

வீட்டில் ஒரு புழுவை வளர்த்துப் பார்த்தல்

மாற்றத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வண்ணத்துப்பூச்சியிடம்தான் வந்து நிற்கிறார்கள். படத்தைக் காட்டிப் பேசுவதைவிட, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி ஒரு புழுவைக் கண்முன் வளர்ப்பது நல்லது. வீட்டில் எலுமிச்சையோ நாரத்தையோ கறிவேப்பிலையோ இருந்தால், அதன் கொழுந்துகளில் குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டைகளைத் தேடுங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தன் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. பூச்சிமருந்து தெளிக்காத செடியாக இருப்பது அவசியம்.

முட்டையுள்ள சிறு கிளையை நறுக்கி, தண்ணீர் நிரப்பிய சின்னக் குப்பியில் வைத்து, குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புழு தண்ணீரில் விழுந்து சாகும். அதைச் சுற்றிக் கொசுவலைத் துணியால் மூடிய ஒரு பெட்டி போதும். நாள்தோறும் புதிய இலை வையுங்கள், கீழே விழும் எச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சில நாள்களில் முட்டை பொரியும். வெளிவந்த புழு முதலில் தின்பது பெரும்பாலும் தன் முட்டையோட்டைத்தான். இளம்புழு கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே தோன்றும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை அடையும்போது, ஒரே தோலுரிப்பில் இலைப்பச்சையாக மாறிவிடும். இந்த நாளைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது. தோலுரிக்கும் முன்பாகப் புழு உண்ணாமல் அசைவற்று இருக்கும். நோய் என்று நினைத்து அதைத் தொடாதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடும் வாடையை வீசும்; பிள்ளைகளுக்கு இதைவிட வேடிக்கை வேறில்லை.

முட்டை பொரிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் புழு ஒரு குச்சியில் ஏறி, வால்முனையை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு இழையைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அடுத்த ஒன்றரை வாரம் வெளியில் எதுவுமே நடப்பதில்லை. ஆசிரியருக்கு இதுவே மிகக் கடினமான காலம், மிகப் பயனுள்ள காலமும் கூட. ஒவ்வொரு நாளும் பார்த்து, "இன்றும் ஒன்றும் இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். பூச்சி வெளிவரும் நாளில் அதன் இறக்கைகள் கசங்கிய காகிதம் போலிருக்கும். அது தலைகீழாகத் தொங்கி, உடலிலுள்ள திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரித்து உலர்த்தும். பெட்டியில் தொங்குவதற்கு இடமும் பிடிப்பதற்கு ஒரு குச்சியும் இல்லாவிட்டால் இறக்கை ஊனமாகிவிடும். அப்போது சொட்டும் நிறமான நீர் இரத்தமன்று, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு; இதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அழுகை மிச்சமாகும்.

கூட்டுக்குள் நடந்ததை வேதத்தோடு வைத்துப் படித்தல்

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை. துணியை அரிக்கும் பூச்சி இருக்கிறது, வெட்டுக்கிளி இருக்கிறது, எறும்பு இருக்கிறது; உருமாறும் புழுவைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே இந்தப் பாடம் ஆண்டவர் தந்த உவமையன்று, நாம் செய்துகொள்ளும் ஒப்புமை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒரு சொல் இரண்டையும் இணைக்கிறது. பூச்சியின் உருமாற்றத்துக்கு அறிவியலில் வழங்கும் மெட்டமார்ஃபோசிஸ் என்ற பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல்லின் வினைவடிவம் புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது. இரண்டு இடங்கள் (மத்தேயு 17:2, மாற்கு 9:2) மலையின்மேல் இயேசு மறுரூபமானதைச் சொல்கின்றன. மற்ற இரண்டும் விசுவாசிகளைப் பற்றியவை: ரோமர் 12:2, 2 கொரிந்தியர் 3:18. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு நான்கு இடங்களிலும் மறுரூபம் என்ற சொல்லையே வைத்திருப்பது நமக்குப் பெரும் உதவி. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடிப் பிள்ளைகளையே இடங்களைக் கண்டுபிடிக்க விடுங்கள். பிலிப்பியர் 3:21, 1 கொரிந்தியர் 15:51 ஆகிய வசனங்களும் அகப்படும். அவற்றில் கிரேக்கச் சொற்கள் வேறு என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் போதும்.

நான்கையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது இது: மலையின்மேல் வெளிப்பட்டது ஏற்கெனவே இயேசுவிடம் இருந்த மகிமை, விசுவாசியைக் குறித்துப் பேசும்போதோ "மகிமையின்மேல் மகிமையடைந்து" என்று, படிப்படியாக நடந்துகொண்டிருக்கும் செயலாகச் சொல்லப்படுகிறது. புழு ஒரே நாளில் பூச்சியாகவில்லை. நான்கு முறை தன் தோலை விட்டது. தோட்டத்தில் பார்த்ததும் பவுல் எழுதியதும் இந்த ஓரிடத்தில் அழகாகச் சந்திக்கின்றன.

இனி, பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் இரண்டு கூற்றுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, கூட்டுக்குள் புழு முழுவதும் கரைந்து கூழாகி, பழையதில் ஒன்றும் மிஞ்சாமல் புதிய உயிர் பிறக்கிறது என்பது. புழுவின் திசுக்களில் பெரும்பகுதி சிதைந்துபோவது உண்மை. ஆனால் இறக்கை, கால், உணர்கொம்பு ஆகியவற்றை உருவாக்கப்போகும் செல்தொகுதிகள் புழுவுக்குள் முன்பே இருக்கின்றன, மூச்சுக்குழல்களும் நரம்பு மண்டலத்தின் பகுதிகளும் மாறியமைந்தபடி தொடர்கின்றன. 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாடையை வெறுக்கப் பழக்கினார்கள். கடைசிப் புழுப்பருவத்தில் பழக்கப்பட்டவை பூச்சிகளாக மாறிய பின்பும் அந்த வாடையை விலக்கின. உருமாற்றத்தைக் கடந்து நினைவு நின்றது.

"பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" (2 கொரிந்தியர் 5:17) என்ற வசனத்தை இது பலவீனப்படுத்துமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த வசனத்தை எழுதிய பவுலே தான் சபையைத் துன்பப்படுத்தியதைக் கடைசிவரை மறக்கவில்லை; உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சரீரத்தில் ஆணிகளின் தழும்பும் விலாவின் காயமும் இருந்தன, அவற்றைத் தொட்டுப் பார்க்கத் தோமா அழைக்கப்பட்டார் (யோவான் 20:27). மனந்திரும்பிய பிறகும் பழைய நினைவுகள் வருத்துகின்றன என்று சொல்லும் வாலிபரிடம், நீ இன்னும் மாறவில்லை என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. கூழ்க்கதை தரும் பாடத்தைவிட உண்மை தரும் பாடம் ஆழமாக இருக்கிறது.

இரண்டாவது, இரக்கப்பட்ட ஒருவர் கூட்டைக் கத்தரித்து உதவியதால் பூச்சி ஊனமானது, போராடி வெளிவந்திருந்தால் இறக்கை விரிந்திருக்கும் என்ற கதை. கூட்டைக் கிழித்தால் பூச்சிக்குக் கேடு நேரும் என்பது சரியே. ஆனால் இறக்கையை விரிப்பது கூட்டுக்குள் படும் போராட்டமன்று, வெளிவந்த பின் செலுத்தப்படும் திரவமும் தொங்குவதற்கு வேண்டிய இடமும் காலமும்தான். துன்பப்படுகிறவரைப் பார்த்து "போராடட்டும், நல்லதுதான்" என்று விலகிப் போவதற்கு இந்தக் கதை சாக்காகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். மெய்யான பூச்சியோ, தொந்தரவில்லாமல் தொங்க ஓர் இடத்தைத்தான் கேட்கிறது.

சில கூட்டுப்புழுக்களிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. ஒட்டுண்ணிக் குளவிகள் துளையிட்டு வெளிவரும். அப்படி நேர்ந்தால் பெட்டியை ஒளித்துவைக்காதீர்கள். சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8:22 சொல்வதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும் வயது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

தவக்காலத்து மரங்கள்

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு ஐரோப்பியர் பாடிய பாட்டுகளில் பனி உருகி வசந்தம் வரும். நமக்கு அந்தக் காலம் வெயில் ஏறும் மாசியும் பங்குனியும். பாட்டில் உள்ள பருவத்தைக் கடன் வாங்க வேண்டாம். தெருவில் உள்ளதைப் பாருங்கள். லெந்து காலம் என்றும் தவக்காலம் என்றும் நாம் சொல்லும் அந்த நாற்பது நாள்களில்தான் வேம்பும் புங்கமும் இலையுதிர்க்கின்றன. அந்தக் காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று ஆலய வளாகத்திலுள்ள ஒரு புங்கமரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் நின்று அதைப் படமெடுங்கள், அல்லது வரையுங்கள். இலைகள் பழுத்து உதிர்வதும், மரம் சில நாள்கள் வெறுமையாய் நிற்பதும், பிறகு பளபளக்கும் இளந்தளிர் மரம் முழுவதையும் மூடுவதும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள்ளாகவே பெரும்பாலும் முடிந்துவிடும். வேம்பு செந்தளிர் விட்டுப் பூக்கத் தொடங்கியிருக்கும்.

இதில் வியப்பு என்னவென்றால், ஒரு துளி மழையும் பெய்யாத காலத்தில் இது நடக்கிறது. உதிர்க்குமுன் மரம் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைத் தனக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிறகு ஆழத்தில் இறங்கிய வேர் எட்டும் ஈரத்தைக் கொண்டு, கோடையின் வாசலில் துளிர்க்கிறது. உஷ்ணம் வருவதைக் காணாமல் இலை பச்சையாயிருக்கும் மரத்தைப் பற்றி எரேமியா 17:8 பேசுகிறது. அந்த வசனத்தை மரத்தடியில் நின்று வாசித்தால் விளக்கம் அதிகம் தேவைப்படாது.

வெட்டப்பட்ட மரத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். வெட்டினாலும் திரும்பத் தழைக்கும், தண்ணீரின் வாசனையினால் துளிர்விடும் என்ற யோபு 14:7–9 நம் மேடைகளில் வாக்குத்தத்தமாக ஒலிக்கிறது. அடுத்த வசனத்தை வாசிக்கிறவர்கள் குறைவு. மரத்துக்காவது நம்பிக்கை உண்டு, மனுஷனோ செத்தபின் ஒழிந்துபோகிறான் என்றுதான் யோபு புலம்புகிறார். ஒப்புமையன்று, முரண் காட்டுகிறார். அவருடைய நம்பிக்கை பின்னால், 19:25-இல், மரத்திலிருந்து அல்லாமல் உயிரோடிருக்கும் மீட்பரிடத்திலிருந்து வருகிறது. அதுவுமன்றி எல்லா மரமும் தழைப்பதில்லை. வேம்பின் அடிமரத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. தென்னைக்கும் பனைக்கும் உச்சியில் ஒரே ஒரு குருத்துதான், அது போனால் மரம் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அந்தத் தோப்பில் நின்றவர்களிடம் யோபு 14:7-ஐ வாசிப்பது பொருந்தாத ஆறுதலாகவே இருந்திருக்கும். குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடிக்கும் இளம் ஓலை எந்த இடத்திலிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, இந்த ஒற்றைக் குருத்தைப் பற்றிப் பேசலாம்.

விதையும் பனங்கொட்டையும்

விதையின் உவமை ஆண்டவருடையதே. ஆகவே இங்கே நமக்குத் துணிவு அதிகம். கோதுமைமணி நிலத்தில் விழுந்து செத்தால் மிகுந்த பலனைக் கொடுக்கும் என்கிறார் (யோவான் 12:24). நெல் விதைப்பவர் ஒருவர், செத்த விதை முளைக்காதே என்று கேட்பார். அவர் கேட்பதும் சரி. முளைக்கும் விதைக்குள் கரு உயிரோடிருக்கிறது. ஒழிந்துபோவது விதையின் உருவமும், அது சேர்த்துவைத்த மாவும். ஒரு கைப்பிடி நெல்லை ஓரிரவு ஊறவைத்து, ஈரச்சாக்கில் முடிந்து, முளைகட்டியதும் மண்ணில் இட்டு, சில நாள்களுக்கு ஒரு முறை ஒன்றைப் பிடுங்கி நசுக்கிப் பாருங்கள்: நாற்று உயர உயர நெல்லுக்குள் இருந்தது வெறும் பால்போலாகி, கடைசியில் உமி மட்டும் மிஞ்சும். "செத்தால்" என்ற சொல்லின் கனம் அந்த உமியில் இருக்கிறது. தனக்கென்று வைத்திருந்தது முழுவதும் இன்னொன்றாகிவிட்டது.

எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்று கேட்கும் பெரியவர்களுக்கு இஸ்ரவேலிலுள்ள பழங்கால மசாதாக் கோட்டையின் பேரீச்சை விதையைச் சொல்லலாம். அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையான அந்த விதை 2005-இல் இஸ்ரவேலில் எலைன் சோலவே என்பவரால் நடப்பட்டு முளைத்தது. மெத்தூசலா என்று பெயரிடப்பட்டது.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு பனங்கிழங்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று தமிழ் வேதாகமம் சொல்வது (சங்கீதம் 92:12) எபிரெயத்தில் பேரீச்சை. இருந்தாலும் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடி போன்ற தேரிக்காட்டுச் (செம்மணற்காட்டுச்) சபைகள் பனையைக் கொண்டே பிழைத்து, பனையோலை வேய்ந்த ஜெபவீடுகளில் கூடியவை, ஆகவே அந்த மொழிபெயர்ப்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆவணி வாக்கில் விழும் பழத்தின் கொட்டைகளை மணலில் புதைத்தால், முளை மேலே வராமல் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகத் திரளும். மாதக்கணக்கில் மணலின்மேல் ஒன்றும் தெரியாது. அதே நேரத்தில் கொட்டைக்குள் தவுன் என்னும் வெண்மையான பஞ்சுபோன்ற பகுதி இனித்துக் கிடக்கும். தையில் தோண்டிப் பார்த்தால் முழ நீளக் கிழங்கு. அது தோண்டப்படாமல் விடப்பட்டால் காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகலாம்; பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பது உண்மையில் ஒரு மரத்தைத்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னால் சற்று நேரம் மென்று தின்பார்கள். மாற்கு 4:26–29-ஐ இந்தக் கிழங்கோடு வையுங்கள். விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதையோ அவனுக்குத் தெரியாதவிதமாய் முளைத்துப் பயிராகிறது.

அடுக்களையிலும் ஒரு மாற்றம் இரவுதோறும் நடக்கிறது: இட்லிமாவு புளித்துப் பொங்குகிறது. மத்தேயு 13:33-இல் புளித்தமாவு பரலோகராஜ்யத்துக்கு ஒப்பு. 1 கொரிந்தியர் 5:6–8-இல் அதுவே பாவத்துக்கு ஒப்பு. ஒரு பொருளுக்கு ஒரே பாடம் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

குறிப்பேடு வைத்துக்கொள்வோர் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்டதை மட்டும் எழுதுங்கள்; தேதி, நிறம், அளவு, அன்று நடந்தது. வலப்பக்கம் சில நாள்கள் வெறுமையாக இருக்கட்டும். வசனம் நினைவுக்கு வரும்போது எழுதி, அதன் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: இந்த ஒப்புமை எங்கே பொருந்தவில்லை? புழு தன் விருப்பத்தைக் கேட்காமல் மாறுகிறது, மனந்திரும்புதலோ அழைப்புக்கு இணங்குவது. வண்ணத்துப்பூச்சி சில வாரங்களில் சாகும், உயிர்த்தெழுந்தவர் இனி மரிப்பதில்லை (ரோமர் 6:9). பிள்ளைகள் இந்த வரியைப் பெரியவர்களைவிட நன்றாக எழுதுகிறார்கள். நான்காவது ஞாயிறு பெட்டியைத் திறந்துவிடும்போது பாட்டும் ஜெபமும் பூச்சி பறந்த பிறகு இருக்கட்டும். இறக்கை உலர இரண்டு மூன்று மணி நேரமாகும், ஆராதனை நேரத்துக்காக அதை அவசரப்படுத்த வேண்டாம்.